'அஸ்மிதா': ஒரு சொல்லின் வரலாறு

மக்கட் கூட்டம் ஒன்று தன்னைப் பிறரினின்று வேறாக உணர்ந்து நிற்கும் நிலையைக் குஜராத்தி மொழியில் 'அஸ்மிதா' என்பர். இன்று பெருமைக்குரியதாக வழங்கும் இச்சொல், ஒரு காலத்தில் களையத்தக்க குற்றம் ஒன்றின் பெயராக இருந்தது.

வடமொழியில் 'அஸ்மி' என்பதற்கு 'இருக்கிறேன்' என்பது பொருள். அதனோடு தன்மையைக் குறிக்கும் 'தா' என்னும் விகுதி சேர, 'இருக்கிறேன் என்னும் தன்மை' எனப் பொருள்படும் சொல் பிறந்தது. பதஞ்சலியின் யோக சூத்திரம், மனிதனை வருத்தும் கிலேசங்களை ஐந்தாக வகுத்து, அவித்தையை அடுத்து அஸ்மிதையை வைக்கிறது. காண்பவனாகிய புருஷனையும், காண்பதற்குக் கருவியாகிய புத்தியையும் ஒன்றென மயங்குவதே அது.

அச்சொல் நாட்டுப்பற்றின் சொல்லாக மாறியது எவ்வாறு? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஜராத்தி பேசுவோர் பம்பாய் மாகாணத்திலும், பரோடா அரசிலும், கத்தியவாரின் பல சிற்றரசுகளிலும் பிரிந்து வாழ்ந்தனர். அவர்களை ஒன்றெனக் காட்ட ஆட்சி எல்லை ஏதும் இல்லை. மொழியும் இலக்கியமும் பழம்பெருமையின் நினைவுமே இருந்தன. ரஞ்சித்ராம் மேத்தா (1881–1917) அவ்வுணர்வை வளர்க்க முனைந்து, 1905-இல் குஜராத்தி சாகித்திய பரிஷத்து தோன்றக் காரணமானார். அவர் வழிநின்ற கே. எம். முன்ஷி (1887–1971), பாட்டணத்தில் அரசாண்ட சோலங்கி மன்னர் காலத்தைத் தம் நாவல்களில் உயிர்ப்பித்து, 'குஜராத்தின் அஸ்மிதா' என்னும் தொடரை எங்கும் பரவச் செய்தார். 1960 மே 1-ஆம் நாள் குஜராத் தனி மாநிலமாயிற்று. மராத்தியிலும் இந்தியிலும் கூட இச்சொல் இப்பொருளில் வழங்குகிறது.

முத்தியை நாடும் ஒருவனுக்கு 'நான்' என்பது தளை. சிதறிக் கிடந்த மக்களுக்கோ 'நாம் இருக்கிறோம்' என்பது விழிப்பு. ஆதலின் இம்மாற்றத்தைப் பிழையென்று நாம் தள்ளுதல் பொருந்தாது. ஆயினும் பழைய பொருள் தரும் எச்சரிக்கையையும் மறத்தலாகாது. மொழியும் எல்லையும் ஒரு மக்கள் தம்மைக் காண உதவும் கருவிகள். அம்மக்களே அவை ஆகிவிடா. கருவியையே தாமென மயங்குவோர், வேறு கருவியால் தம்மைக் காணும் அயலாரைப் பகைவராக எண்ணத் தலைப்படுவர். குஜராத்தின் தனித்தன்மையைப் போற்றிய முன்ஷியே, 1938-இல் பாரத நாடு முழுவதன் பண்பாட்டுக்கெனப் பாரதிய வித்யா பவனத்தை நிறுவினார். தம் இருப்பை உணர்ந்தோர் பிறர் இருப்பையும் மதித்தல் இயலும் என்பதற்கு இது சான்றாகும்.