பழைய முகவரிக்கு வரும் பணம்: மணியார்டர் முதல் பிட்காயின் வாலட் வரை

பணம் அனுப்பும் முறைகளின் வரலாற்றைப் பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதுகிறோம். பெறுபவரின் முகவரி எப்படி மாறியது, மாறிய பிறகு பழைய முகவரிக்கு வந்த பணம் என்ன ஆயிற்று என்பதை அதே கவனத்தோடு பார்ப்பதில்லை. அதைப் பார்க்கக் காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் ஏற்ற இடம். மானாவாரி நிலமும் மழைக்குக் காத்துக் கிடக்கும் கண்மாய்களும் கொண்ட பழைய இராமநாதபுரம் சீமையிலிருந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும், பிற்காலத்தில் வளைகுடாவுக்கும் ஆட்கள் பிழைக்கப் போனார்கள். வெளியூர்ப் பணத்தை எதிர்பார்த்து அடுப்பெரித்த வீடுகள் இங்கே அதிகம். பழைய முகவரி செல்லுமா என்பது அந்த முகவரி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்திய அஞ்சல் துறை 1880 ஜனவரி 1 அன்று மணியார்டர் சேவையைத் தொடங்கியது. அந்தப் படிவத்தில் கவனிக்க வேண்டியது பணத்தொகைக்கான கட்டம் மட்டுமல்ல. அனுப்புபவர் இரண்டு வரி எழுதக் கீழே ஒரு துண்டு இருந்தது. பணம் வாங்கியவர் கையெழுத்தோ, சாட்சியோடு கைநாட்டோ வைத்த ஒப்புகை, அனுப்பியவருக்கே திரும்பிப் போனது. முகவரி என்று எழுதப்பட்டது ‘இன்னார் மகன், வடக்குத் தெரு’ என்ற அளவில் இருந்தாலும் பணம் போய்ச் சேர்ந்தது. ஆளை அடையாளம் காண்பது தபால்காரரின் வேலை.

ஊர் இடம் மாறாமலே முகவரி மாறிய கதையும் இந்த வட்டாரத்துக்கு உண்டு. 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1985-இல் அது மூன்றாகப் பிரிந்தபோது காரியாபட்டி காமராசர் மாவட்டத்துக்குள் வந்தது. 1997-இல் அதுவே விருதுநகர் மாவட்டமாயிற்று. இடையில் 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்துவிட்டதால், மாவட்டத்தின் பெயர் இருமுறை மாறியும் 626106 அப்படியே நின்றது. பழைய மாவட்டப் பெயரை எழுதினாலும் எண்ணும் தபால்காரரும் சேர்ந்து பிழையைத் திருத்திவிடுவார்கள். முகவரி முறையில் செய்த நல்ல அப்டேட் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

வங்கிகளின் காலத்தில் நிலைமை வேறு. 2005 நவம்பரில் நெஃப்ட் என்ற மின்னணுப் பணமாற்று முறை வந்தபோது கணக்கு எண்ணும் பதினோரு எழுத்து ஐஎஃப்எஸ்சி குறியீடும் முகவரியாயின. கணக்கு எண்ணை மட்டும் வைத்தே பணத்தை வரவு வைக்கலாம் என்று 2010-இல் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. பெயர் எழுதும் கட்டம் படிவத்தில் இருந்தது. அதைச் சரிபார்த்தே ஆக வேண்டும் என்ற கடமை பணம் பெறும் வங்கிக்கு இருக்கவில்லை. நெஃப்டில் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதியைத் தர வங்கிகளுக்கு விதிக்கப்பட்ட கெடு 2025 ஏப்ரல் 1. தபால்காரர் முதல் நாளிலிருந்தே செய்த வேலைக்கு இங்கே ஏறத்தாழ இருபது ஆண்டு ஆயிற்று! வங்கி இணைப்புகள் பழைய முகவரியையே செல்லாததாக்கின. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடன் இணைந்தது. அதன் பழைய ஐஎஃப்எஸ்சி எண்கள் 2021 ஜூலை 1 முதல் செல்லவில்லை.

நூறு நாள் வேலைச் சம்பளம் இன்னொரு படி. 2024 ஜனவரி 1 முதல் அது ஆதார் வழியாகவே வர வேண்டும் என்றாயிற்று. இதில் பெறும் முகவரி ஆதார் எண்தான். அந்த எண் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கே பணம் போகும். 2017-இல் ஒரு பேமென்ட்ஸ் வங்கி, சிம் சரிபார்க்க வந்தவர்களுக்கு அவர்களை அறியாமலே கணக்கு தொடங்கியதால், எரிவாயு மானியம் அங்கே திசைமாறிப் போனது நாடறிந்த செய்தி. முகவரிக்கு உரியவருக்கே தெரியாமல் முகவரி மாறலாம் என்பதை அது காட்டியது.

பிட்காயின் இதற்கு நேர் எதிர்த் திசையில் கிளம்பியது: முகவரி எந்த நிறுவனத்தின் கையிலும் இல்லை, உரியவர் கையிலேயே. 2009 ஜனவரியில் வெளியான முதல் மென்பொருளில், பெறுபவரின் கணினியுடைய ஐபி எண்ணுக்கே பணம் அனுப்பும் வழி இருந்தது. எதிர்முனையில் இருப்பவர் உரிய ஆள்தானா என்று உறுதிசெய்ய முடியாததால் பின்னர் அதை நீக்கிவிட்டார்கள். நிலைத்தது ‘1’ என்று தொடங்கும் நீண்ட முகவரி. அதில் சுழியமும், ஆங்கிலப் பெரிய ‘ஓ’, பெரிய ‘ஐ’, சிறிய ‘எல்’ ஆகியவையும் வரவே வராது. பார்வைக்குக் குழப்பும் நான்கையும் நீக்கிவிட்டார்கள். முகவரியின் வால் பகுதியில் ஒரு சரிபார்ப்பு எண்ணும் உண்டு. கை தவறி எழுதிய முகவரி அதையும் தாண்டிச் செல்ல ஏறத்தாழ 429 கோடியில் ஒரு வாய்ப்புதான். எழுத்துப் பிழையைப் பிடிப்பதில் தபால்காரரையும் மிஞ்சிய ஏற்பாடு இது. ஆள் மாறினால் பிடிக்க மட்டும் அதற்கு வழியில்லை.

முகவரிக்கு வந்த பணத்தைச் செலவழிக்கத் தேவையான இரகசிய எண்ணே சாவி. தொடக்க கால வாலட் மென்பொருள் நூறு சாவிகளை முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொள்ளும். பெறும் முகவரி ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி செலவாகும். அனுப்பியது போக மிச்சம் திரும்பி வரும் முகவரிக்கும் ஒன்று. நூறும் தீர்ந்த பிறகு பழைய காப்புப் பிரதியை நம்பியவர், புதிய முகவரிகளுக்கு வந்த பணத்தை இழந்தார். ‘விதை’ எனப்படும் ஒரே மூல எண்ணிலிருந்து எல்லாச் சாவிகளையும் பெறும் முறையைப் பீட்டர் வுய்ல் 2012-இல் முன்வைத்தார். பிட்காயின் கோர் மென்பொருளுக்கு அது 2016 ஆகஸ்டில், 0.13.0 பதிப்பில்தான் வந்து சேர்ந்தது. அதுவும் புதிதாகத் தொடங்கும் வாலட்டுகளுக்கு மட்டும். பழைய வாலட் பழையபடியே ஓடியது. அப்டேட் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

முகவரியின் வடிவமும் மாறிக்கொண்டே வந்தது. 2012-இல் ‘3’ என்று தொடங்கும் முகவரி. 2017 ஆகஸ்டில் செக்விட் என்ற மாற்றம் வந்தபின் ‘பிசி1’ வகை. 2021 நவம்பரில் டேப்ரூட் என்ற அடுத்த மாற்றத்துக்காக அதிலேயே இன்னொரு வகை. பழைய மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் புதிய முகவரி புரியாது என்பதால், 2018-இல் வெளிவந்த பிட்காயின் கோர் 0.16 பதிப்பு, செக்விட்டை ‘3’ முகவரிக்குள் பொதிந்து தருவதையே இயல்பாக வைத்தது. ‘1’ முகவரிகள் இன்றும் செல்லும். சிண்டிகேட் வங்கிக் குறியீடு போல எந்தத் தனி நிறுவனமும் அவற்றை ஒரு தேதியோடு மூடிவிட முடியாது. அதற்கான விலை, சாவி தொலைந்தால் முறையிட அலுவலகம் கிடையாது என்பது.

அப்டேட்டே திருட்டுக்கு வழியான சம்பவமும் உண்டு. 2018 டிசம்பரில் எலெக்ட்ரம் வாலட் பயனர்களுக்கு, வாலட்டின் திரையிலேயே ‘புதிய பதிப்பை நிறுவுங்கள்’ என்ற போலிச் செய்தி வந்தது. நம்பி நிறுவியவர்கள் சில நாட்களிலேயே 200-க்கும் மேற்பட்ட பிட்காயின்களைப் பறிகொடுத்தார்கள்.

பிட்காயின் முகவரிக்கு வந்த ஒவ்வொரு வரவும் பொதுப் பேரேட்டில் அழியாமல் இருக்கிறது. இந்த வட்டாரத்துக்கு வந்த மணியார்டர்களுக்கு மிஞ்சியிருக்கும் சான்றோ, வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் அந்தத் துண்டுச் சீட்டுகள்தான். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் எறிந்துவிடாதீர்கள். தேதி முத்திரையும் பின்பக்க வரிகளும் தெரியும்படி படமெடுத்து, அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறைக்குக் கொடுங்கள்.