மூடிய துளையும் திறந்த துளையும்: அலுமினியத்தின் நூறாண்டுக் கதை

அறிவியல் வரலாறு என்றாலே நம் மாணவர்களுக்கு ஞாபகம் வருவது ஆப்பிள் விழுந்த கதையும் ஆர்க்கிமிடீஸ் ஓடிய கதையும்தான். ஒருவர், ஒரு நாள், ஒரு கண்டுபிடிப்பு. அவ்வளவுதான். ஆனால் பல கண்டுபிடிப்புகள் அப்படிப் பிறப்பதில்லை. படிவம் 4, 5 வகுப்புகளில் வாசிப்புப் பகுதியாகப் பயன்படக்கூடிய வேறு மாதிரியான வரலாறு ஒன்றை இங்கே பார்ப்போம். ஒரு தலைமுறை குறை என்று மூடிய துளையை, பின்னால் வந்தவர்கள் கருவியாக்கிய கதை இது.

காற்று பட்டதுமே அலுமினியம் தன்மேல் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். இரும்பைப் போல அலுமினியம் துருப்பிடித்து உதிராததற்கு இந்தப் படலமே காரணம். ஆனால் கடல்நீரை அது அதிக நாள் தாங்காது. நீரில் இறங்கும் விமானங்களை டியூராலுமின் என்ற அலுமினியக் கலப்பு உலோகத்தால் கட்டியபோது, உப்புநீர் அதை அரிக்கத் தொடங்கியது.

இதற்கு 1923-இல் பிரிட்டனைச் சேர்ந்த பெங்கோ, ஸ்டூவர்ட் இருவரும் ஒரு வழி கண்டார்கள். உலோகத்தைக் குரோமிக் அமிலக் கரைசலில் அமிழ்த்தி, மின்சுற்றின் நேர்முனையோடு இணைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். மெல்லிய படலம் தடித்த கவசமாக வளர்ந்தது. நேர்முனைக்கு 'அனோட்' என்று பெயர். அதனால் இந்த முறை 'அனோடைசிங்' ஆனது. 1927-இல் கந்தக அமில முறைக்கும் காப்புரிமை கிடைத்தது. இன்று நம் சமையலறையில் இருக்கும் 'ஹார்ட் அனோடைஸ்டு' வாணலி இந்த வழியில் வந்ததுதான்.

இப்படி வளர்ந்த படலம் சாயத்தை நன்றாக உறிஞ்சியது. அப்படியென்றால் அதில் துளைகள் இருக்கத்தானே வேண்டும்? சாயம் ஏற்றுவதற்குத் துளை நல்லதுதான். ஆனால் அதே துளை வழியாக உப்பும் அழுக்கும் உள்ளே போய்விடும். அதனால் சாயம் ஏற்றிய பிறகு கொதிநீரிலோ நீராவியிலோ வைத்துத் துளைகளை அடைத்தார்கள். திறந்த துளை என்றால் முடியாத வேலை என்று பொருள்.

அந்தத் துளைகளின் வடிவத்தைத் தெளிவாகக் காட்ட மின்னணு நுண்ணோக்கி தேவைப்பட்டது. 1953-இல் அமெரிக்காவின் அல்கோவா நிறுவனத்தைச் சேர்ந்த கெல்லர், ஹண்டர், ராபின்சன் மூவரும் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். தேன்கூடு மாதிரி அறுகோண அறைகள். ஒவ்வோர் அறையின் நடுவிலும் ஒரு துளை! மின்னழுத்தத்தைக் கூட்டினால் அறையும் பெரிதாகும் என்றும் அவர்கள் கண்டார்கள். அதாவது, அறையின் அளவு மனிதர் கைக்குள் வந்துவிட்டது.

ஆனால் ஒழுங்கு வரவில்லை. துளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாறுமாறாகவே முளைத்தன. 1995-இல் ஜப்பானின் மசுதா, ஃபுக்குதா இருவரும் ஆக்சாலிக் அமிலத்தில் நீண்ட நேரம் மின்சாரம் பாய்ச்சினால் துளைகள் தாமாகவே வரிசை கட்டுவதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஓர் எளிய உத்தியும் வெளிவந்தது. முதலில் வளர்ந்த படலத்தைக் கரைத்துவிட்டால் உலோகத்தில் சீரான குழித் தடங்கள் மிஞ்சும். மறுபடியும் மின்சாரம் பாய்ச்சினால், புதிய துளைகள் அந்தக் குழிகளிலேயே பிறக்கும். 40 வோல்ட்டில் இரண்டு துளைகளுக்கு இடையே சுமார் 100 நானோமீட்டர் தூரம்.

இங்கேதான் ஒளி கதைக்குள் வருகிறது. மழைநாளில் சாலையில் மிதக்கும் எண்ணெய் வண்ணம் காட்டுவதை எல்லாரும் பார்த்திருப்போம். படலத்தின் மேல்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் சேர்ந்து கூடுவதாலும் குறைவதாலும் தோன்றும் வண்ணம் அது. மின்சாரத்தை ஏற்றி இறக்கித் துளைகளைச் சற்று அகலமாகவும் சற்று ஒடுக்கமாகவும் மாறி மாறி வளர்த்தால், அலுமினா அடுக்கு அடுக்காக அமையும். அந்த அடுக்குகள் ஒரு குறிப்பிட்ட வண்ணத்தை மட்டும் வலுவாகத் திருப்பி அனுப்பும். இதுதான் ஒளிப்படிகம்.

வெறும் துளைக்குள் காற்று இருக்கும். அதன் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1. தண்ணீர் புகுந்தால் அது 1.33 ஆகும், திரும்பும் வண்ணமும் சிவப்புப் பக்கமாக நகரும். தண்ணீருக்குப் பதில் வேறொரு மூலக்கூறு வந்து துளைச் சுவரில் ஒட்டினாலும் அப்படித்தான். நகர்வு மிகச் சிறியது. கண்ணுக்குத் தெரியாது, நிறமாலைமானி அளந்து சொல்லும். 2014-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஆய்வாளர்களும் ஸ்பெயின் ஆய்வாளர்களும் இணைந்து, பாதரச அயனிகளை இந்த வழியில் கண்டறியலாம் என்று காட்டினார்கள். பாதரசத்தைப் பிடித்து வைக்கும் வேதிப்பொருளைத் துளைக்குள் பூசிவிட்டால் போதும். நிறம் நகர்வதே எச்சரிக்கை.

விமானத்தைக் காக்க நினைத்தவர்கள் நீரிலுள்ள நஞ்சைக் கண்டுபிடிக்க நினைக்கவில்லை. சாயம் ஏற்றியவர்களுக்கு ஒளிப்படிகம் தெரியாது. இருந்தாலும், சாயம் நுழைந்த அதே வாசல் வழியாகத்தான் இன்று பாதரசமும் நுழைந்து மாட்டிக்கொள்கிறது.

இந்தப் பகுதியை வாசித்த பிறகு மாணவர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரே ஒருவர் பெயரை வைக்கச் சொன்னால் யார் பெயரை வைப்பீர்கள், ஏன்? இன்று நாம் குறை என்று மூடி வைத்திருப்பவற்றில் எது நாளைக்குப் பயன்படலாம்? முதல் கேள்விக்கு வகுப்பு ஒரே விடைக்கு வராது. அந்த வாதத்தையே கருத்துவிளக்கக் கட்டுரையாக எழுதச் சொல்லலாம்.