சோறிட்ட தோலின் சுருதி

திமிரி வட்டாரத்தாராகிய நமக்குத் தோல் என்றதும் இராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியுமே நினைவுக்கு வரும். அங்கே பதனிட்ட தோல் காலணியாகிறது. பதனிடாத தோலுக்கோ வேறொரு வரலாறு உண்டு. அது மிருதங்கத்தின் வரலாறு.

அதிரும் பரப்பு எதுவாயினும் தன்னைத் தொட்டிருக்கும் நீரையோ காற்றையோ உடன் அசைத்தாக வேண்டும். அச்சுமையால் அதிர்வு தளர்கிறது; சுருதி தாழ்கிறது. நீரைத் தொட்டு அதிரும் தகட்டுக்கு இதனைக் கணக்கிட்டு 1920இல் கட்டுரை வெளியிட்டார் ஆங்கிலேய அறிஞர் ஹோரஸ் லாம்ப். கப்பலின் உடற்தகடுகள் எழுப்பும் ஒலியை ஆராய்வோர்க்கு அக்கட்டுரை முன்னோடி.

அதே 1920இல், கல்கத்தாவில் பணியாற்றிய சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் இணைந்து நம் தோற்கருவிகளைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். சீராக இழுத்துக் கட்டிய வெறுந்தோலின் அதிர்வெண்கள் 1 : 1.59 : 2.14 என ஒழுங்கின்றிச் செல்வதால் அதில் சுருதி தெளிவாகப் பிறப்பதில்லை. மேலை நாட்டு டிம்பனி முரசில் இக்குறையைப் பெரிதும் தீர்ப்பது காற்றின் சுமை. அது சில அதிர்வுகளை 2 : 3 : 4 என்னும் ஒழுங்கிற்கு அருகே கொணர்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பணியைச் செய்வது நடுவிலுள்ள கருஞ்சோறு. அதனால் ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து இசைவான சுரங்களாகத் திரள்கின்றன என்பதை இராமன் 1934இல் விரிவாக விளக்கினார்.

தோலில் மண் பூசும் வழக்கம் பழையது. பொருநராற்றுப்படை அத்தகைய முழவைக் குறிக்கிறது. இன்றும் கற்பொடியையும் சோற்றையும் பிசைந்து, மெல்லிய படலங்களாக இட்டு, ஒவ்வொன்றையும் கல்லால் தேய்த்து உலர்த்துகின்றனர். எங்கே நிறுத்துவது என்பதை அவர்தம் செவியே முடிவு செய்கிறது. சமன்பாடு பிறப்பதற்குப் பன்னூற்றாண்டு முன்பே விடை கண்ட கைகள் அவை.

ஆயினும் விளக்கியவர் பெயரை அறிந்த அளவுக்குச் செய்தவர் பெயரை நாம் அறியோம். இறந்த மாட்டின் தோலைத் தொடுவது இழிவெனக் கருதிய சமூகம், அத்தோலின் நாதத்தை மட்டும் மேடையேற்றியது. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்தளித்த பர்லாந்து முதலிய கைவினைஞர்களின் வாழ்வைப் பலரும் அறியச் செய்தது, டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் ஆங்கில நூல். இசை வரலாறு எழுதுவோர் இனியேனும் அப்பெயர்களை வித்துவான்களின் பெயரோடு சேர்த்தே எழுத வேண்டும்.