அமெரிக்கன் மாவும் தம்பலகாமத்து அரிசியும்

கோணேசர் கோயிலுக்கு வரும் உறவுக்காரப் பிள்ளைகள், மலையிலிருந்து இறங்கியதும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "மாமி, திருகோணமலையில கட்டாயம் சாப்பிட வேண்டியது என்ன?" நண்டு, இறால், கணவாய் என்று சொல்வேன் என்ற நினைப்பு அவர்களுக்கு. அதெல்லாம் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் தாராளமாகக் கிடைக்கும். நான் சொல்வது பிட்டும் மீன் சொதியும். அதைக் கேட்டதும் முகம் வாடிவிடும். பிட்டு யாழ்ப்பாணத்தில் இல்லையா, மட்டக்களப்பில் இல்லையா என்பார்கள். இருக்கிறது. ஆனால் இந்த ஊரின் துறைமுகத்தில் என்னென்ன நடந்தது என்று அறிய விரும்புகிறவர் பிட்டிலிருந்து தொடங்குவதே சரி என்று நான் நம்புகிறேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்தவள் நான். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

அம்மம்மா பிட்டுக்கு இரண்டு மா எடுப்பா. ஒன்று, சிவப்புப் பச்சையரிசியை ஊறவைத்து, உரலில் இடித்து, அரித்து, வறுத்த மா. மற்றது கோதுமை மா. அதை வெள்ளைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூடு ஆறுமுன் கட்டிகளை உடைத்து அரிதட்டில் அரிப்பா. அவிக்காத கோதுமை மாவில் தண்ணீர் பட்டால் பசை போல இழுபடும். அவித்துவிட்டால் அந்த இழுவை செத்துப்போகும். பிறகு இரண்டையும் கலந்து, உப்புப் போட்ட கொதிநீர் விட்டு, சுண்டின் விளிம்பால் கொத்திக் கொத்திச் சிறு மணிகளாக்குவா. தேங்காய்ப்பூ தூவி, நீத்துப்பெட்டியில் போட்டு அவித்தால் பிட்டு. சுண்டு என்பது வேறொன்றுமில்லை, வெறும் பால் டின். அரிசி அளப்பதும் அதால்தான், பிட்டுக் கொத்துவதும் அதால்தான்.

அம்மம்மாவின் அம்மா காலத்தில் இந்த இரண்டாவது மா பிட்டுக்குள் வரவில்லை. பிட்டென்றால் அரிசி, இல்லாவிட்டால் குரக்கன். அரிசி தம்பலகாமத்திலிருந்து வண்டியில் வரும். கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் என்ற அரசன் கட்டியது கோணேசருக்கு நெல் விளைவிக்கத்தான் என்பது எங்கள் ஐதீகம். அந்தத் தண்ணீரில் விளைந்த வயல்களின் சோற்றை உண்ட ஊர் இது. அப்படியிருந்தும் இலங்கை முழுவதற்கும் போதுமான நெல் உள்நாட்டில் விளையவில்லை. பிரித்தானியர் காலத்தில் தீவு உண்ட அரிசியில் பெரும்பங்கு வெளியிலிருந்து, முக்கியமாகப் பர்மாவிலிருந்து, கப்பலேறி வந்தது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. அடுத்த மாதம், ஏப்ரல் 9ஆம் திகதி காலை, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் குண்டுபோட்டுத் தாக்கின. எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றி எரிந்தது. ஊர் சனம் கையில் அகப்பட்டதோடு காட்டுப் பக்கம் ஓடியது. அம்மம்மா ஓடும்போது எடுத்துப் போனது ஒரு பெட்டி அரிசி மாவையும் என் தாயையும். அந்தக் குண்டுவீச்சுக்குப் பிறகுதான் அரசாங்கம் பங்கீட்டுக் கூப்பனுக்குக் கொடுத்த கோதுமை மா எங்கள் குசினிக்குள் வந்தது. "அமெரிக்கன் மா" என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. இன்றும் வயதானவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். புது மாவை என்ன செய்வது என்று எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ரொட்டி சுட்டார்கள், கூழில் போட்டார்கள், பிட்டுக்குப் போட்டபோது களியானது. அதைத் துணியில் கட்டி முதலில் அவிக்க நினைத்தது யாரோ ஒரு பெண். அவள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வடக்குக் கிழக்கு முழுவதும் அவள் வழியில்தான் இன்றும் மா அவிக்கிறார்கள்.

யுத்தம் முடிந்தும் மா போகவில்லை. 1953இல் கூப்பன் அரிசியின் விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அரிசி எட்டாத நாளில் மா எட்டியது. அதன் பிறகு அமெரிக்க உதவியில் வந்த மாப்பைகளில் இரண்டு கைகள் குலுக்கும் படம் இருக்கும். அம்மா அந்தத் துணியைத் தோய்த்து எங்களுக்குத் தலையணை உறை தைப்பா. எத்தனை தரம் தோய்த்தாலும் அந்தக் கைகள் முழுதாக அழியாது. எழுபதுகளில் மாவுக்கும் தட்டுப்பாடு வந்தது. விடியப்புறத்தில் பாண் கியூவில் நின்றவள் நான். மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டே பரீட்சைக்குப் படித்தவள்.

பிறகு மா ஆலையே எங்கள் வாசலுக்கு வந்தது. 1977இல் சிங்கப்பூரின் பிரீமா நிறுவனத்தோடு ஒப்பந்தம். 1980இல் சீனன்குடாவில் ஆலை ஓடத் தொடங்கியது. கடல் கடந்து வரும் கோதுமையைக் கப்பலிலிருந்து நேராக உறிஞ்சி எடுத்து அரைக்கும் பெரிய ஆலை. உள்துறைமுகக் கரையில் நின்று பார்த்தால் அக்கரையில் அதன் குதங்கள் தெரியும். கொழும்பில் பாண் வாங்குகிறவரும் கண்டியில் ரோல்ஸ் கடிக்கிறவரும் சாப்பிடுவதில் ஒரு பங்கு எங்கள் துறைமுகத்தில் இறங்கிய கோதுமை என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. கொத்து ரொட்டியைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் கோபிப்பார்கள். அது கிழக்கு மாகாணத்தில்தான் பிறந்தது என்பது எங்கள் உரிமைக்குரல். மட்டக்களப்பா திருகோணமலையா என்ற வழக்கை நான் தீர்க்கப்போவதில்லை. ஆனால் இரவுக் கடையில் பிட்டுக் கொத்துக் கேட்டுப் பாருங்கள். தகரத்தட்டு இரண்டு மணியடிக்கும் அந்தச் சத்தத்தில் எனக்கு அம்மம்மாவின் சுண்டுச் சத்தம் கேட்கும்.

பிட்டுக்கு மேலே ஊற்றும் சொதிக்கு வருகிறேன். விளைமீன் நல்லது, பாரையும் நல்லது. சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், இரண்டாம் பாலில் மீன் வெந்ததும் முதற்பால் விட்டு, கொதிக்கவிடாமல் இறக்கி, தேசிக்காய் பிழிய வேண்டும். கொதித்தால் பால் திரைந்துவிடும். எங்கள் முஸ்லிம் அயலவர் வீட்டில் இதற்கு ஆணம் என்று பெயர். கந்தூரிக்குப் போனால் புளியாணம் ஊற்றுவார்கள். ரசத்துக்கு அது அண்ணன். தொட்டுக்கொள்ள இடிச்ச சம்பல். சம்பல் என்பது மலாய்ச் சொல். ஒல்லாந்தரின், பிறகு பிரித்தானியரின் படைகளில் இருந்த மலாய்க்காரர் இந்தத் தீவில் குடியிருந்து விட்டுப்போன சொற்களில் அதற்குத்தான் ஆயுள் கெட்டி. பாண் போர்த்துக்கேயச் சொல், குசினியும் அப்படியே. 1622இல் சுவாமிமலையில் இருந்த கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டியவர்களின் சொல்லை வைத்துக்கொண்டுதான் அந்தக் கோயிலுக்கு நைவேத்தியம் சமைக்கும் இடத்தையும் என் தாய் குசினி என்றா. எனக்கு இது சின்ன வயதில் தெரியாது. தெரிந்த அன்று இரவு நெடுநேரம் நித்திரை வரவில்லை.

மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிரையும் பிள்ளைகள் விட்டுவிடக்கூடாது. மண்சட்டி தண்ணீரை உறிஞ்சிவிடுவதால் கரண்டி நட்டால் நிற்கும். 1660இல் கொட்டியாரக்குடாவில் கப்பல் பழுதுபார்க்க ஒதுங்கிய ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில இளைஞனும் அவன் தகப்பனும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டது அங்கேதான், ஒரு புளியமரத்தடியில். 19 வருடம் கண்டி நாட்டில் சிறையிருந்து தப்பிப்போய் 1681இல் அவன் வெளியிட்ட புத்தகம்தான் அந்தக் காலத்துச் சனம் என்ன உண்டது என்று நமக்கு விரிவாகச் சொல்கிறது. அந்தத் தயிர் வரும் வழியில், முன்பு கிண்ணியாவுக்குப் போக 'பாதை' என்ற மிதவையில் ஏற வேண்டும். தயிர்ச் சட்டிகளும் எங்களோடு மிதந்து வரும். 2009இல் பாலம் திறந்தது. அதற்கு முன், 2006 ஆகஸ்டில் சண்டைக்குள் அகப்பட்டு மூதூர் சனம் கந்தளாய்க்கு நடந்த நாட்களில், சந்தையில் தயிர் இல்லை. தயிர் விற்கும் ஒருவர் எங்கள் வாசலுக்கு வெறுங்கையோடு வந்து தண்ணீர் கேட்டார். மாடுகள் எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

2022இல் டொலர் இல்லாமல் கோதுமை மாவின் விலை ஏறியபோது பேக்கரிகள் ஒவ்வொன்றாக மூடின. முந்தின வருடம் இரசாயன உரத்தைத் தடைசெய்ததால் நெல்லும் குறைவு. எண்பது வருடத்துக்குப் பிறகு என் குசினியில் மறுபடி அதே கணக்கு: எது கிடைக்கிறதோ அது எத்தனை சுண்டு. சில கிழமை முழுக்க அரிசி மா, சில கிழமை குரக்கன். அயலில் ஒரு இளம்பெண், மா அவிக்கத் தெரியாமல் கிடைத்த ஒரு கிலோவையும் களியாக்கிவிட்டு அழுதுகொண்டு வந்தா. அரிதட்டை எடுத்துக்கொண்டு அவ வீட்டுக்குப் போனேன்.

இப்போது நான் இரண்டு சுண்டு அரிசி மாவுக்கு ஒரு சுண்டு கோதுமை மா போடுகிறேன். நீங்கள் வருவதாக இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். அரிசி ஊற வேண்டும்.