இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில், ஒன்றுக்கொன்று 11 கி.மீ. இடைவெளியில் இருக்கும் ஊர்கள் இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். இரண்டிலும் விமான நிலையம் கிடையாது. வெளியூருக்குப் பறக்க வேண்டுமானால் பெரும்பாலும் மதுரைக்குத்தான் போக வேண்டும்.

வான்வழித் தொலைவு என்பது புவிப்பரப்பின் மேல் இரு ஊர்களுக்கு இடையே அமையும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம். இந்தக் கணக்கில் இராஜபாளையத்திலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 73 கி.மீ. ஆனால் கிருஷ்ணன்கோவில், டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாகச் சாலையில் போனால் ஏறத்தாழ 85 கி.மீ. ஆகிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் பத்துக் கிலோமீட்டர் மிச்சம்.

வரைபடத்தில் அளந்து பார்த்தால் வியப்பான ஒன்று தெரியும். இராஜபாளையத்திலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 485 கி.மீ.; கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையமோ சுமார் 360 கி.மீ.தான். தலைநகரைவிடக் கடல் கடந்த நாடு பக்கம். மதுரையின் முதல் பன்னாட்டு விமான சேவை 2012 செப்டம்பரில் கொழும்புக்கே தொடங்கியது.

மதுரை–சென்னை வான்வழித் தொலைவு சுமார் 420 கி.மீ. இதற்கு அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ ஒதுக்குகிறார்கள். மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கக்கூடிய ஜெட் விமானத்துக்கு இது அதிகம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்க முறைக்குக் காத்திருப்பது என்று குறுகிய பயணத்தின் பெரும்பகுதி முழு வேகம் இல்லாமலே கழிந்துவிடுகிறது. வீட்டிலிருந்து மதுரை வரை இரண்டு மணி நேரம், சோதனைகளுக்காக முன்கூட்டியே சேரும் நேரம், சென்னையில் இறங்கி வெளியே வரும் நேரம் எல்லாம் சேர்த்தால் மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. இரவில் சென்னைக்குச் செல்லும் பொதிகை விரைவு ரயில் ஏறத்தாழ 590 கி.மீ. ஓடப் பத்து மணி நேரம் போல எடுத்துக்கொண்டாலும், அது தூங்கும் நேரம். ஒரு பகலை இழக்காமல் சென்னையில் வேலை பார்க்க நினைப்பவருக்கு ரயிலே சரியான வழி. விருதுநகர்–தென்காசி ரயில் பாதை 1927-இல் திறந்தது முதல் இவ்வூர்களின் நெடுந்தூரப் பயணத்துக்கு அதுதான் முதுகெலும்பு.

விமானத்தின் உண்மையான பலன் கடல் கடக்கும்போதுதான் தெரியும். மதுரையிலிருந்து துபாய் சுமார் 2,950 கி.மீ., சிங்கப்பூர் சுமார் 3,010 கி.மீ. எதிரெதிர்த் திசையில் கிட்டத்தட்ட ஒரே தொலைவு. நேரடி விமானத்தில் இரண்டுக்கும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். கடிகாரம் மட்டும் வேறு கணக்குச் சொல்லும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. எனவே காலை 10 மணிக்குப் புறப்பட்டால் அங்கே மாலை 4.30. துபாய் ஒன்றரை மணி நேரம் பிந்தியது. அதே நேரம் கிளம்பியவர் அங்கே பகல் 12.30-க்கு இறங்குவார். பயணச்சீட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். அழைத்துவரப் போகும் உறவினர் இதைக் கவனிக்க வேண்டும்.

இராஜபாளையத்திலிருந்து தென்மேற்கே திருவனந்தபுரம் விமான நிலையம் நேர்கோட்டில் 130 கி.மீ.க்கும் குறைவு. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக 2021-இல் அறிவிக்கப்பட்ட காடும் மலையும் நடுவே நிற்கின்றன. இங்கிருந்து குறுக்கே சாலை இல்லை. தென்காசி, செங்கோட்டை என்று தெற்கே இறங்கி, ஆரியங்காவு கணவாய் வழியாகத்தான் கேரளத்துக்குள் நுழைய முடியும். தூரம் கூடினாலும், வளைகுடாவுக்கு மதுரையைவிட அங்கே விமானங்கள் அதிகம் என்பதால் அந்த வழியைத் தேர்பவர்களும் உண்டு.