லக்னம்: தொடக்கமா, தீர்ப்பா?

நடுவர் அவர்களே! எதிரணித் தலைவர், லக்னம்தான் தலையெழுத்து என்று அடித்துப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். லக்னம்னா என்னங்க?

குழந்தை பிறந்த நேரத்தில், பிறந்த ஊரில், கீழ்வானத்தில் எந்த ராசி உதிக்கிறதோ அதுதான் லக்னம். ஒரு நாளில் 12 ராசியும் உதித்தாக வேண்டும். ஆக, ஒரு ராசிக்குச் சுமார் 2 மணி நேரம். ஒரு பாகைக்குச் சுமார் 4 நிமிஷம். அங்கிருந்துதான் வீடுகளை எண்ணவே ஆரம்பிக்கிறோம். அந்த முதல் வீட்டுக்கு நம் நூல்கள் கொடுத்த பொருள் என்ன? உடல், சுபாவம். அவ்வளவுதான்!

இதற்காக லண்டன் கோர்ட்டில் நின்ற ஒருவரின் கதை நம்ம அடையாறைத் தொட்டுப் போகிறது. நியூயார்க்கில் 1875-ல் பிறந்த பிரம்மஞான சபை, 1882-ல் அடையாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சபையில் 1890-ல் சேர்ந்தவர் ஆலன் லியோ என்ற ஆங்கிலேய ஜோதிடர். இந்தியாவுக்கும் வந்து போனவர். கர்மம், மறுபிறவி என்ற நம்ம ஊர்ச் சரக்கை மேல்நாட்டு ஜோதிடத்தில் கலந்தவர்.

குறி சொல்கிறார் என்று 1914-ல் அவர்மேல் வழக்கு; தள்ளுபடியானது. 1917-ல் மறுபடியும் வழக்கு. ‘நடக்கப்போவதை நான் அறுதியிட்டுச் சொல்வதில்லை, சுபாவத்தின் போக்கைத்தான் சொல்கிறேன்’ என்பது அவர் வாதம். கோர்ட் ஏற்கவில்லை. 5 பவுன் அபராதம், செலவுத்தொகை 25 பவுன். அதே வருஷம் அவர் காலமானார்.

அந்தக் கோர்ட்டாவது அபராதத்தோடு விட்டது. நம்ம வீட்டுக் கோர்ட்? லக்னத்திலிருந்து எண்ணி 2, 4, 7, 8, 12-ல் செவ்வாய் இருக்கா, பொண்ணு வேண்டாம்! அந்தப் பெண்ணுக்கு வக்கீல் கிடையாது, அப்பீல் கிடையாது. (கைதட்டல்)

சரி, எண்ண ஆரம்பித்த இடமாவது சரியா? யுத்தத்துக்காக 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதைக் கழிக்காமல் கணித்தால், அப்போது பிறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு லக்னமே மாறிப்போகும். சர்க்கார் முள்ளைத் திருப்பினால் தலையெழுத்தும் திரும்புமா? (சிரிப்பு)

ஜாதகம் பார்க்காதீங்க என்று சொல்ல நான் வரவில்லை. பாருங்க, சுபாவத்தைத் தெரிஞ்சுக்கப் பாருங்க. லக்னத்துக்கு இன்னொரு பேர் உதயம். அந்த உதயத்தைக் காட்டி ஒரு பெண்ணோட வாழ்க்கையை அஸ்தமிக்க வைக்காதீங்க என்று கூறி, விடைபெறுகிறேன். வணக்கம்.