ஆழ்வார்குறிச்சி எஸ்டிடி கோடு: எண்ணா, எழுத்தா?

எங்க ஊர் எஸ்டிடி கோடு 04634. பாத்தா எண்ணு மாதிரி இருக்கு. ஆனா இதை யாராவது கூட்டிக் கழிச்சுப் பாத்ததுண்டா? முன்னால இருக்குற பூஜ்யம் போச்சுன்னா சென்னையில இருக்குற பிள்ளைக்கு ஊர்ல அம்மா வீட்டு லேண்ட்லைன் கிடைக்காது, அவ்வளவுதான்.

எது எண், எது எழுத்துன்னு கம்ப்யூட்டர் எப்படி முடிவு பண்ணுது? 1957-ல வந்த ஃபோர்ட்ரான் பேரை வச்சே ஆளைச் சொல்லிடும். ஐ முதல் என் வரை உள்ள எழுத்துல பேரு ஆரம்பிச்சா முழு எண், மத்ததெல்லாம் தசமம். பேசிக் மொழியில எழுத்துன்னா பேருக்குப் பின்னால டாலர் குறி போடணும்.

ஸ்கிரிப்ட் மொழிகள் இந்தக் கெடுபிடியை விட்டுடுச்சு. வேரியபிள்ங்கிறது ஒரு தூக்குவாளி. பால் ஊத்துனா பால்வாளி, சாம்பார் ஊத்துனா சாம்பார்வாளி. இங்க பக்கத்துல மத்தளம்பாறையில ஆபீஸ் வச்சிருக்குற ஜோஹோவோட டெலூஜும் இதே கட்சிதான். மேற்கோள் குறிக்குள்ள போட்டா எழுத்து.

ஆனா கூட்டல்னு வந்தா ஆளுக்கொரு நியாயம். லாரி வால் 1987-ல வெளியிட்ட பெர்ல்ல குறிதான் நாட்டாமை. கூட்டல் குறின்னா கணக்கு, புள்ளின்னா ஒட்டு. 1991-ல வந்த பைத்தான் எழுத்தையும் எண்ணையும் கூட்டச் சொன்னா முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லிடும் (எனக்குப் பிடிச்ச குணம்). 1995-ல பிரெண்டன் ஐக் பத்தே நாள்ல எழுதுன ஜாவாஸ்கிரிப்ட் இருக்கே... மேற்கோளுக்குள்ள இருக்குற 04634-ஓட 1-ஐக் கூட்டுனா 046341. 1-ஐக் கழிச்சா 4633!

மேற்கோளே போடலைன்னா இன்னும் கூத்து. விடை 2460. பெல் லேப்ஸ்ல கென் தாம்ப்சன் உருவாக்குன பி மொழியில, முன்னால பூஜ்யம் இருந்தா அது எட்டடிமான எண். சி வழியா அந்தப் பழக்கம் இந்த மொழிகளுக்கெல்லாம் ஒட்டிக்கிச்சு. 4×512 + 6×64 + 3×8 + 4, போட்டுப் பாருங்க. இந்தக் கணக்குப்படி திருநெல்வேலியோட 0462 வெறும் 306, சென்னையோட 044 வெறும் 36.

டிசம்பர் 2008-ல வந்த பைத்தான் 3 இப்படி எழுதுனாலே பிழைன்னு நிறுத்திடுது. 2009-ல ஜாவாஸ்கிரிப்ட்டும் கண்டிப்பு முறையில தடை போட்டுச்சு. பெர்லும் பிஎச்பியும் இன்னும் பழைய வழக்கத்தை விடலை.

எங்க ஊர் பின்கோடு 627412-க்கு இந்தத் தொல்லை இல்லை. இந்தியாவுல பின்கோடு எதுவும் பூஜ்யத்துல ஆரம்பிக்காது. அமெரிக்காவுல பாஸ்டன்காரங்க பாவம், அங்க ஒரு பேட்டையோட ஜிப்கோடு 02108.